கடல் சொறி தொட்டால்

தம்பானூரில் எப்போதும் கூட்டம்தான். திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம் அங்கே உள்ளது. அதற்கு எதிரே பெரிய பஸ் நிலையம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் இறங்கும் இடம் இது. சிலர் பத்மநாப சுவாமி கோயிலுக்கு வருவார்கள். சிலர் மருத்துவமனைக்கு வருவார்கள். வந்த வேலை முடிந்ததும் பிள்ளைகள் ஒன்று கேட்பார்கள். "கடலுக்குப் போகலாமா?"

கோவளம் கடற்கரை அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். சங்குமுகம் இன்னும் பக்கம். போய் வரலாம்.

அலையில் நிற்கும் பிள்ளை திடீரென்று அலறுகிறது. காலில் சாட்டையால் அடித்தது போல் சிவந்த கோடுகள். தீப்பட்டது போல எரிச்சல். தாய் என்ன செய்வாள்? முதலில் கையால் தேய்த்து விடுவாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவாள். நல்ல தண்ணீரால் காலைக் கழுவுவாள்.

பாசத்தால் செய்வதுதான். ஆனால் இரண்டுமே தவறு. தேய்த்தாலும் வலி கூடும். நல்ல தண்ணீர் பட்டாலும் வலி கூடும். ஏன் அப்படி?

சொறியிடம் உள்ள பொறி

பிள்ளையைத் தொட்டது கடல் சொறி. நம் மீனவர்கள் சொறி என்பார்கள். இழுது மீன், ஜெல்லி மீன் என்றும் பெயர் உண்டு. மலையாளத்திலும் கடல்ச்சொறிதான். கரையில் காவலர் அப்படிக் கத்தினால் தமிழருக்கும் புரியும்.

பெயர்தான் மீன். அது மீன் இல்லை. அதற்கு எலும்பு இல்லை. மூளை இல்லை. இதயமும் இல்லை. உடம்பில் பெரும் பகுதி தண்ணீர். பார்க்கக் குடை போல இருக்கும். குடையின் அடியில் நூல் நூலாகத் தொங்கும். அந்த நூல்களில்தான் விஷம் இருக்கிறது.

ஒவ்வொரு நூலிலும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு நுண்ணிய ஊசி நூல் சுருண்டு கிடக்கும். எலிப்பொறி தெரியும் அல்லவா? எலி தொட்டதும் பொறி விழுகிறது. இதுவும் அப்படித்தான். தோல் பட்டதும் பை வெடிக்கும். ஊசி பாய்ந்து தோலுக்குள் விஷத்தை இறக்கும். கண் இமைப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். சிறு மீன்களைப் பிடித்துத் தின்ன அதற்கு இயற்கை கொடுத்த ஆயுதம் இது. மனிதனைத் தேடி வந்து அது கொட்டுவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பைகளும் ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை. அறுந்த நூல் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் வெடிக்காத பைகள் நிறைய இருக்கும். தேய்த்தால் அவை வெடிக்கும். உப்பு இல்லாத தண்ணீர் பட்டாலும் வெடிக்கும். கரையில் செத்துக் கிடக்கும் சொறியிலும் இந்தப் பைகள் வேலை செய்யும். பிள்ளைகள் அதைக் கையால் எடுத்து விளையாடக் கூடாது.

எது கொட்டியது?

கடலில் சொறி பல வகை. பல வகைகள் கொஞ்ச நேரம் எரிச்சல் தரும், அவ்வளவுதான். இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று நீல நிறமானது. ஊதிய சிறு பை போல நீரின் மேல் மிதக்கும். அடியில் நீளமான நீல நூல்கள் தொங்கும். அவை பத்து மீட்டர்கூட இருக்கும். பை தூரத்தில் மிதக்கும், நூல் காலைச் சுற்றும். இது உண்மையில் சொறி அல்ல, சொறியின் உறவு. காற்று அடிக்கும் திசையில் கூட்டமாக வந்து கரை ஒதுங்கும். 2018 ஆகஸ்டில் மும்பை ஜுஹு கடற்கரையில் இது சுமார் 150 பேரைக் கொட்டியது.

மற்றொன்று பெட்டி வடிவச் சொறி. கண்ணாடி போல இருப்பதால் நீரில் தெரியாது. நான்கு மூலைகளிலிருந்தும் நூல்கள் தொங்கும். இந்த வகையில் சில மிகக் கொடியவை. சில நிமிடங்களிலேயே இதயத்தைத் தாக்கக் கூடியவையும் உண்டு.

கோவாவில் 2020 நவம்பரில் இரண்டே நாளில் 90 பேருக்கு மேல் சொறி கொட்டியது. பெரும்பாலோருக்கு முதலுதவியே போதுமானதாக இருந்தது. ஆகவே பயந்து நடுங்க வேண்டாம். முறையாகச் செய்தால் போதும்.

கொட்டியவுடன்

முதலில் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். வலியில் துடிப்பவர் நீரிலேயே மூழ்கிவிடலாம். வெளியே வந்ததும் உட்கார வையுங்கள். ஓட விடாதீர்கள்.

கொட்டிய இடத்தில் கடல் நீரை ஊற்றுங்கள். ஊற்றினால் போதும், தேய்க்க வேண்டாம். தோலில் நூல் ஒட்டியிருந்தால் இடுக்கியால் எடுங்கள். இடுக்கி இல்லையா? இரண்டு குச்சிகளால் பிடித்து எடுக்கலாம். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டும் எடுக்கலாம். மணலால் தேய்த்தோ கத்தியால் வழித்தோ எடுக்கக் கூடாது.

கொட்டியது பெட்டிச் சொறி என்று தெரிந்தால், நூலை எடுக்கும் முன் வினிகர் ஊற்ற வேண்டும். அரை நிமிடமாவது ஊற்ற வேண்டும். வெடிக்காத பைகளை அது அடக்கிவிடும். கேரளத்தில் ஊறுகாய் போடும் வீடுகளில் எல்லாம் வினிகர் இருக்கும். அங்கே அதற்கு வினாகிரி என்று பெயர். நீலப் பைக்கு வினிகர் வேண்டாம். அதற்குக் கடல் நீரே போதும்.

நூலை எடுத்த பிறகு வெந்நீர் வைத்தியம். சொறியின் விஷம் சூட்டில் வலுவிழக்கும். கொட்டிய கையையோ காலையோ வெந்நீரில் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். வலி நன்றாகக் குறையும். சூடு சுமார் 45 டிகிரி இருக்கலாம். அளந்து பார்க்கக் கருவி வேண்டாம். உதவி செய்பவர் தன் கையை அதில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் கை தாங்குகிற சூடுதான் சரி. கொட்டுப்பட்டவருக்கு ஏற்கெனவே எரிகிறது. சூடு அதிகமானாலும் அவருக்குத் தெரியாது. தோல் வெந்துவிடும்.

கடற்கரையில் வெந்நீருக்கு எங்கே போவது? டீக்கடைக்குத்தான். கேரளத்தில் "சூடுவெள்ளம்" என்று கேளுங்கள். அங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். பச்சைத் தண்ணீர் கலந்து பதமாக்குங்கள். வெந்நீர் கிடைக்காவிட்டால் பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, துணி சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம். பனிக்கட்டி நேராகத் தோலில் படக் கூடாது. அது உருகினால் நல்ல தண்ணீர்தானே!

ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். சிறுநீர் ஊற்று என்பார் ஒருவர். சாராயம் ஊற்று என்பார் மற்றொருவர். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் என்று சொல்பவரும் உண்டு. இவை எதுவும் வேண்டாம். பாம்புக்கடிக்குக் கட்டுவது போல இறுக்கிக் கட்டவும் கூடாது.

எப்போது மருத்துவமனை?

மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், உதடோ முகமோ வீங்கினால், வாந்தியும் மயக்கமும் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. 108 எண்ணை அழையுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். தம்பானூருக்குப் பக்கத்திலேயே அரசுப் பொது மருத்துவமனை உள்ளது. நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளது. கொட்டுப்பட்டது சிறு குழந்தை என்றாலோ, உடம்பில் பெரும் பகுதியில் கோடுகள் இருந்தாலோ, வலி குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

"எனக்குப் போன வருஷமும் கொட்டியது. ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. ஒரே விஷம் இரண்டாம் முறை படும்போது சிலருடைய உடம்பு மிகக் கடுமையாக எதிர்க்கும். இதைக் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் ஷார்ல் ரிஷே. அவர் 1901இல் ஒரு கப்பலில் இருந்தபடி அந்த நீலப் பையின் விஷத்தைத்தான் ஆராயத் தொடங்கினார். பிறகு கரைக்கு வந்து அதன் உறவான கடல் சாமந்தியின் விஷத்தை ஆராய்ந்தார். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

வலை இழுப்பவர்களுக்கு

சுற்றுலா வருகிறவர்கள் ஒரு நாள் கடலில் இறங்குவார்கள். விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்களுக்கோ அதுதான் பிழைப்பு. சில காலங்களில் வலை நிறைய சொறிதான் ஏறும். மீன் குறையும், வலை கிழியும், கை எரியும். வலையை உதறும்போது அறுந்த துண்டுகள் தெறிக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி அணிவது இன்னும் முக்கியம்.

ஏனென்றால், கண்ணில் தெறித்தால் ஆபத்து அதிகம். கண்ணுக்கு மட்டும் விதி வேறு. கடல் நீர் வேண்டாம். வினிகர் கூடவே கூடாது. இமையைத் திறந்து பிடித்து, சுத்தமான குடிநீரைக் கால் மணி நேரம் ஊற்றிக் கழுவ வேண்டும். கசக்கக் கூடாது. எரிச்சல் அடங்கினாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று வலையோடு மறுபடி கடலுக்குப் போவது கண்ணுக்கு நல்லதல்ல.

வலி போன பிறகும் சிலருக்கு ஒரு வாரம் கழித்துக் கோடுகளில் அரிப்பு வரும். அது விஷம் திரும்பி வந்ததல்ல. தோல் ஆறும்போது சிலருக்கு அப்படி வருவதுண்டு. நகத்தால் சொறிந்தால் புண்ணாகும். அரிப்புக்குப் பூச மருந்து உண்டு. மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.