ஃப்ளைட் ஏறினதும் மாறுற மூணு எண்கள்

இன்னிக்கு எபிசோடு, இன்சுலின் போட்டுக்கிட்டு முதல் தடவையா வெளிநாடு கிளம்புறவங்களுக்காக. எனக்கும் டைப் 1 தான்.

பேக்கிங்கை முதல்ல முடிச்சிடுவோம். இன்சுலின் மொத்தமும் கைப்பையில்தான் வரணும். செக்-இன் பெட்டி வழியில் தொலையலாம். கீழே சரக்கு அறையில் குளிர் அதிகமாகி மருந்து உறையவும் வாய்ப்பு உண்டு. ஒரு தடவை உறைஞ்ச இன்சுலினை, திரும்ப உருகினாலும் போடக்கூடாது. தேவையைப்போல ரெண்டு மடங்கு எடுத்துக்கோங்க. டாக்டர் கடிதத்தில் பிராண்ட் பெயரோட மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும்.

இப்போ மெயின் விஷயம். ஊர் மாறினா மூணு எண்களோட அர்த்தம் மாறும். சென்னையிலிருந்து கோடைக்காலத்தில் லண்டன் போறதா வச்சுக்குவோம்.

முதல் எண், மணி. இங்கே தினமும் ராத்திரி 10 மணிக்கு கிளார்ஜின் போடுறீங்க. அப்போ லண்டனில் சாயங்காலம் 5.30. போன மறுநாள் அந்த ஊர் கடிகாரப்படி ராத்திரி 10 மணி வரைக்கும் காத்திருந்தா, ரெண்டு ஊசிக்கும் நடுவில் 28.5 மணி நேரம் ஆயிடும். கடைசி சில மணி நேரம் சுகர் ஏறலாம். திரும்பி வரும்போது இடைவெளி 19.5 மணி நேரமா சுருங்கும். ரெண்டு டோஸும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து சுகர் இறங்கலாம். அதனால கடிகாரத்தைப் பார்க்காதீங்க, கடைசி ஊசியிலிருந்து எத்தனை மணி நேரம்னு எண்ணுங்க. நாலஞ்சு நாள் பயணம்னா, நான் ஊர் நேரத்தையே வச்சுக்கிட்டு அங்கே சாயங்காலம் 5.30க்குப் போட்டுடுவேன். நீண்ட நாள் தங்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டு கொஞ்சம் கொஞ்சமா நேரத்தை நகர்த்தலாம். சாப்பாட்டு ஊசிக்கு மட்டும் ஒரே விதி: தட்டு கைக்கு வந்த பிறகுதான் போடணும். விமானம் குலுங்க ஆரம்பிச்சா சாப்பாட்டு வண்டி பாதியில் நின்னுடும்.

ரெண்டாவது எண், சுகர் ரீடிங். நம்ம மீட்டர் காட்டுறது மில்லிகிராம் கணக்கு. பிரிட்டனில் மில்லிமோல் கணக்கு. அங்கே வாங்கின மீட்டரில் 7னு வந்தா பதற வேண்டாம், 18ஆல் பெருக்குங்க: 126. ஆனா 4க்குக் கீழே போனா உடனே குளுக்கோஸ் எடுத்துக்கணும். அது நம்ம கணக்கில் சுமார் 70.

மூணாவது எண்தான் உயிர் சம்பந்தப்பட்டது. இந்தியாவில் பாட்டிலில் வர்ற இன்சுலின் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதுக்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வழக்கத்தில் இருக்கிறது யு-100. சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மருந்து தீர்ந்துபோய் அங்கே ஒரு பாட்டில் வாங்கி, கையில் இருக்கிற சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் இழுத்தா, உள்ளே போறது 50 யூனிட். ரெண்டரை மடங்கு. நம்ம மருந்தை அவங்க சிரிஞ்சில் 20 இழுத்தா வெறும் 8 யூனிட்தான் போகும். பாட்டிலில் என்ன எண்ணோ, சிரிஞ்சிலும் அதே எண் இருக்கணும். பேனா பயன்படுத்துறவங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு; ஆனா பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சாதாரண சிரிஞ்சில் மருந்தை இழுக்காதீங்க.

டிக்கெட் போட்ட கையோட டாக்டரைப் பாருங்க. ஊசி போடுற நேரம், ரீடிங் கணக்கு, மருந்தின் அடர்த்தி, மூணையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோட வைங்க. கூட வர்றவங்ககிட்டயும் அதைக் காட்டிடுங்க. சுகர் இறங்கிக் கண்ணு இருட்டும்போது, கணக்குப் போட வேண்டியவங்க அவங்கதான்.