மொட்டை மாடியில வில் வேண்டாம்: கம்மி செலவுல, பத்திரமா ஒரு அம்புப் பயிற்சி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு எபிசோட் ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. தப்பு என்னோடதுதான்.

2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில காம்பவுண்ட் வில்வித்தைக்கு இருந்த அஞ்சு தங்கத்தையும் இந்தியாவே அள்ளிட்டு வந்துச்சு. ஜோதி சுரேகாவுக்கும் ஓஜஸ் தேவ்தலேவுக்கும் ஆளுக்கு மூணு. அதைப் பார்த்த ஜோர்ல ஒரு கிளப்ல சேர்ந்து சில மாசம் கத்துக்கிட்டு, 40 பவுண்டு காம்பவுண்ட் வில் ஒண்ணு வாங்கிட்டேன். வாரா வாரம் கிளப்புக்குப் போக நேரம் இல்ல, காசும் இல்ல. எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடி நீளமா 18 மீட்டர் இருக்கும். கடைசியில ஏழடி உயரத்துக்கு ஒரு சுவர். டார்கெட்டை அதுக்கு முன்னாடி வெச்சேன். "பின்னாடிதான் சுவர் இருக்கே, அம்பு எங்க போயிடப் போகுது?"ன்னு நினைச்சேன்.

ஒரு மாசம் எதுவும் ஆகல. ஒரு ஞாயித்துக்கிழமை நாணை இழுத்துக்கிட்டு இருக்கும்போதே ரிலீஸ் விட்டுடுச்சு. அம்பு சுவரைத் தாண்டிப் போயிடுச்சு. கீழ ஓடி, ரெண்டு தெரு தேடினேன். ஒரு காலி மனையில பசங்க கிரிக்கெட் ஆடிட்டு இருந்தாங்க. அதுல ஒரு பையன் கையில என் அம்பு. "அண்ணா, இது உங்களுதா? அந்த ஸ்டம்ப் பக்கத்துல குத்திக்கிட்டு நின்னுச்சு"ன்னான். அவங்க தண்ணி குடிக்க ஒதுங்கின நேரமாம்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் அம்பு சுமார் 23 கிராம், வேகம் நொடிக்கு 75 மீட்டர் அளவுல. ஆற்றல் 65 ஜூல் வருது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கிரிக்கெட் பந்துலயும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும். ஆனா பந்து அதை உள்ளங்கை அகலத்துல இறக்கும். அம்பு பென்சில் பருமன்ல இறக்கும்.

அடுத்த கணக்குதான் முக்கியம். நாணை இழுக்கும்போது என் வில் சுமார் 10 டிகிரி மேல தூக்கியிருந்திருக்கு. வெளியில இருந்து பார்த்தா பெருசாவே தெரியாது. ஆனா 18 மீட்டர் போறதுக்குள்ள அந்த 10 டிகிரி அம்பை 14 அடி உயரத்துக்குக் கொண்டு போயிடும். சுவர் ஏழடி. சுவரைத் தாண்டினப்புறம், காத்தோட தடையைக் கழிச்சாலும் நூறு மீட்டருக்கு மேல போகும். கீழ இருக்கிறது ஊரு.

குறி வெச்சு விட்டுத் தவறின அம்பை அந்தச் சுவர் தடுத்திருக்கும். ஏன்னா அது டார்கெட்டுக்கு அரையடி, ஒரு அடி தள்ளிதான் போகும். பெரிய விபத்து குறி வைக்கிறதுக்கு முன்னாடி, இழுக்கிற அந்த ரெண்டு நொடியில நடக்குது. நான் அந்த ரெண்டு நொடியைப் பத்தி யோசிக்கவே இல்ல.

காம்பவுண்ட் வில்லோட அமைப்பே இதுக்கு ஒரு காரணம். ரெண்டு முனையிலும் இருக்கிற கேம், அதாவது வட்டமா இல்லாம ஒரு பக்கம் ஒதுங்கின சக்கரம், இழுக்க இழுக்கத் திரும்பும். முழுசா இழுத்ததும் பாரம் சட்டுனு குறையும். இதை லெட்-ஆஃப்னு சொல்வாங்க. 40 பவுண்டு வில்லுல 75 சதவீத லெட்-ஆஃப் இருந்தா, குறி வெச்சு நிக்கும்போது கையில இருக்கிறது 10 பவுண்டுதான். அதனால "இது லேசான வில்லு"ன்னு தோணும். ஆனா அந்த இடத்துக்குப் போக 40 பவுண்டு மேட்டை ஏறித்தான் ஆகணும். அந்த மேட்டுல பலம் பத்தாம உடம்பு வில்லை வானத்தை நோக்கித் தூக்கும். கிளப்ல கோச் "வானத்தைச் சுடாதே"ன்னு கத்தினது இதுக்குத்தான்னு அப்பதான் உறைச்சது.

இதுக்கு ஒரு சோதனை இருக்கு, செலவே இல்ல. அம்பு முனை டார்கெட்டைப் பார்த்தபடியே இருக்க, வில்லைத் தூக்காம, நேரா பின்னாடி இழுக்க முடியுதா பாருங்க. அப்புறம் அம்பை விடாம, மெதுவா, முனை டார்கெட்டை விட்டு நகராம திரும்பக் கொண்டு வந்து விடுங்க. பத்து தடவை முடியலைன்னா வில்லு உங்களுக்கு அதிக பாரம். பெரும்பாலான காம்பவுண்ட் வில்லுல லிம்ப் போல்ட்டைத் தளர்த்திப் பாரத்தைக் குறைக்கலாம். மேலயும் கீழயும் ஒரே அளவு சுத்தணும், தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டக் கூடாது. நான் 30 பவுண்டுக்கு இறக்கினேன். ஈகோ கொஞ்சம் வலிச்சுது. ரிலீஸ் ட்ரிகர்ல விரல் வைக்கிறது முழுசா இழுத்து, குறி டார்கெட்ல நின்ன பிறகுதான்.

சரி, மாடி போச்சு. எங்க சுடுறது? மதுராந்தகம் பக்கத்துல மாமாவுக்கு நிலம் இருக்கு. போன உடனே கண்ணுல பட்டது ஏரிக்கரை. நீளமா, உயரமா, இயற்கையான தடுப்பு மாதிரி. மாமா ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்: "மாப்ள, அது கரை இல்ல, ரோடு." உண்மைதான். கரை மேல ஆள் நடக்கும், மாடு போகும், பைக் போகும். அந்தப் பக்கம் யாரு ஏறி வர்றாங்கன்னு இந்தப் பக்கம் தெரியாது. தென்னந்தோப்பும் சரிப்படல. மரத்துல பட்ட அம்பு எந்தப் பக்கம் தெறிக்கும்னு சொல்ல முடியாது. கடைசியில பழைய கிணறு வெட்டும்போது கொட்டின மண்மேடு கிடைச்சது. 12 அடி உயரம். பின்னாடி திறந்த வயல், பாதை எதுவும் இல்ல.

அந்த மேட்டுக்கு முன்னாடி 18 மீட்டர்ல நிக்காம 10 மீட்டர்ல நின்னேன். கணக்கை மறுபடி போட்டுப் பாருங்க: அதே 10 டிகிரி தப்பு நடந்தாலும் 10 மீட்டர்ல அம்பு சுமார் 10 அடி உயரத்துலதான் இருக்கும், மேட்டுலயே குத்தும். பயிற்சியில இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது. 10 மீட்டர் கேவலமும் இல்ல. ஓஜஸ் 2023 உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல 50 மீட்டர்ல 15 அம்பும் பத்துல போட்டு 150க்கு 150 எடுத்தார். அந்தப் பத்தாம் வட்டம் 8 சென்டிமீட்டர். அதே கோணம் 10 மீட்டர்ல 1.6 சென்டிமீட்டர். பேனாவால அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டு அடிச்சுப் பாருங்க, திமிர் இறங்கிடும். இதோட மாமா பையன் பக்கவாட்டுல எனக்குப் பின்னால நின்னு வயலைப் பார்த்துக்கிட்டே இருப்பான். தூரத்துல யாராவது தெரிஞ்சா "நில்லு"ன்னு கத்துவான். கத்தினா வாதம் பண்ணாம இறக்கிடணும்.

டார்கெட்டுக்கு வந்தா, கடையில விக்கிற ஃபோம் பிளாக் விலைக்கு நாலு அம்பு வாங்கலாம். நான் வெள்ளை அரிசி மூட்டைச் சாக்குல பழைய துணியைத் திணிச்சேன். பட்டன், ஜிப், பெல்ட் கொக்கி எல்லாத்தையும் வெட்டி எடுத்துடணும், அதுல பட்டா அம்பு போச்சு. காலால மிதிச்சு மிதிச்சு இறுக்கி, கோணி ஊசியால தெச்சேன். ரெண்டு சாக்கு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. சாக்கு, நூல், கயிறு எல்லாம் சேர்ந்து 200 ரூபாய் சொச்சம். மேட்டு மண்ணுல கல்லு நிறைய, அதனால சாக்கைச் சுத்தியும் பின்னாடியும் வைக்கோல் கட்டு அடுக்கினேன். மழையில நனைஞ்சா ரெண்டும் மக்கும், தார்ப்பாய் போட்டு மூடணும். நடுவுலயே அடிச்சா அங்க ஓட்டை விழும். வட்டத்தை அப்பப்போ இடம் மாத்துங்க.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் அம்பு. மூங்கில் அம்பு, மர அம்பு காம்பவுண்ட்ல வேண்டவே வேண்டாம், விடும்போதே உடையலாம். கார்பன் அம்பு உங்க பாரத்துக்கும் நீளத்துக்கும் ஏத்த விறைப்புல இருக்கணும். ஒவ்வொரு தடவையும் நாணேத்துறதுக்கு முன்னாடி அம்பைக் காதுகிட்ட வெச்சு லேசா வளைங்க. சின்ன "கிரிக்" சத்தம் வந்தாலும் அது குப்பை. விரிசல் விட்ட கார்பன் வில்லுல இருந்து கிளம்பும்போது நொறுங்கினா சிம்பு வில் பிடிச்ச கைக்குள்ளதான் போகும்.

பார்க்க வர்ற நண்பர்கள் "ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன்டா"ன்னு கேப்பாங்க. தராதீங்க. அம்பு இல்லாம நாணை விட்டா, அம்போட போக வேண்டிய ஆற்றல் எல்லாம் லிம்ப்லயும் கேம்லயும் திரும்பி அடிக்கும். வில்லே உடையலாம். அதுவும் இல்லாம காம்பவுண்ட்ல இழுக்கிற நீளம் ஆளுக்கு ஆள் செட் பண்ணது. அவங்க கைக்கு அது பொருந்தாது. நம்ம ஊர் வெயில்ல காருக்குள்ள வில்லை விட்டுட்டும் போகாதீங்க.

மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: ஆறு அம்பு எடுத்துட்டுப் போனா ஆறும் திரும்பணும். வயல்ல எல்லாரும் வெறுங்கால்லதான் இறங்குவாங்க, நடவுக்கு வர்ற அக்காங்க சேத்துல கையை விட்டு வேலை பார்ப்பாங்க. ஒரு உடைஞ்ச கார்பன் துண்டு போதும். ஒரு நாள் அஞ்சுதான் இருந்துச்சு. இருட்டுற வரைக்கும் தேடியும் கிடைக்கல. கிடைக்கிற வரை வில்லைத் தொடாதேன்னுட்டார். மூணு நாள் கழிச்சு அத்தை மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அரிவாள்ல ஏதோ தட்டுச்சாம். புல்லோட அடியில படுத்த வாக்குல சொருகிக் கிடந்திருக்கு. கருப்புக் குழல், கருப்பு இறகு. அத்தை கையில இருந்து நாலு விரல் தூரம்.

இப்ப என் அம்பு ஆறுலயும் ஆரஞ்சு இறகு, ஆரஞ்சு நாக். ஒவ்வொண்ணுலயும் 1ல இருந்து 6 வரை நம்பர் எழுதியிருக்கேன். கிளம்பும்போது நான் எண்ண மாட்டேன், அத்தைதான் எண்ணுவாங்க.