வரைந்ததையே எத்தனை முறை வரைவது? பொறியியல் சிமுலேஷனில் பாக நூலகம்

ஒகேனக்கல் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக, ஜப்பான் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் உருவான திட்டம் அது. இத்தனை பெரிய குழாய்ப்பாதையையும் பிரித்துப் பார்த்தால் மிஞ்சுபவை சில வகைப் பொருள்கள்தான்: நேர்க்குழாய், பெண்ட் (வளைகுழாய்), டீ, ரெடியூசர், ஸ்லூயிஸ் வால்வு, ஏர் வால்வு. மேடு பள்ளமான நிலத்தில் குழாய் ஏறி இறங்கி வளையும் இடமெல்லாம் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

இப்படியொரு குழாய்ப்பாதையின் ஒரு பகுதியைக் கணினியில் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஏறினால் பெண்டில் எவ்வளவு விசை விழும், வால்வைச் சட்டென்று மூடினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் குழி வெட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுச் சொல்பவை சிமுலேஷன் மென்பொருள்கள். ஆனால் கணக்கு தொடங்கும் முன் வடிவம் வேண்டும். ஒவ்வொரு பெண்டையும் ஒவ்வொரு வால்வையும் புதிதாக வரைந்துகொண்டிருந்தால், பொறியாளரின் நேரத்தில் பெரும்பங்கு வரைவதிலேயே போய்விடும். அதைத் தவிர்க்கத்தான் பாக நூலகம். மென்பொருள் பழகியவர்கள் ‘பார்ட் லைப்ரரி’ என்பார்கள்.

பாக நூலகம் என்பது என்ன?

பழைய கோப்பைத் திறந்து, வேண்டிய பாகத்தை நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டுவது எல்லோரும் செய்வதுதான். அது நூலகம் ஆகாது. நகலெடுத்த வடிவம் செத்த வடிவம். விட்டத்தை 300 மில்லிமீட்டரிலிருந்து 250-க்கு மாற்ற வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும்.

நூலகத்தில் இருக்கும் பாகம் ஒரு செய்முறை. ‘இந்த விட்டத்தில் ஒரு வட்டம் போடு, உள்ளே இந்தத் தடிமன் விட்டு இன்னொரு வட்டம் போடு, இரண்டையும் இந்த ஆரத்தில், இந்தக் கோணத்துக்குச் சுழற்று’ என்ற வரிசை அதற்குள் இருக்கும். மாற்றக்கூடிய அளவுகள், அதாவது அளவுருக்கள், வெளியே தெரியும். பயன்படுத்துபவர் எண்களைக் கொடுத்தால் போதும், வடிவம் தானாக எழும்.

ஸ்டாக்ஹோமில் 1986-இல் தொடங்கிய காம்சால் நிறுவனத்தின் சிமுலேஷன் மென்பொருளில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. போல்ட், உத்திரங்களின் குறுக்குவெட்டு, மின்சுருள், கலக்கித் தொட்டிகளின் இறக்கை என்று ஆயத்த பாகங்கள் அதில் கிடைக்கின்றன. நாமே பாகம் செய்து சேர்க்கவும் வழி உண்டு. சாலிட்ஒர்க்ஸ் மென்பொருளின் டூல்பாக்ஸில் இந்தியத் தர நிர்ணயப்படியான போல்ட், நட்டுகளும் இருக்கின்றன. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது. அதற்கும் பயனர்கள் சேர்ந்து வளர்த்த பாகத் தொகுப்பு ஒன்று இருக்கிறது.

ஒரு பெண்டைச் செய்து பார்ப்போம்

வார்ப்பிரும்பின் உறுதியான வகையான டி.ஐ. குழாய்களுக்குப் பெண்ட் நான்கு கோணங்களில் வருகிறது: 90, 45, 22½, 11¼ டிகிரி. இவற்றுக்கு நான்கு வரைபடம் வேண்டாம். விட்டம், சுவர்த் தடிமன், வளைவின் ஆரம், கோணம் என்ற நான்கு அளவுருக்கள் கொண்ட ஒரே பாகம் போதும்.

அதன் பலனை ஒரு கணக்கில் பார்க்கலாம். 300 மில்லிமீட்டர் டி.ஐ. குழாயின் வெளி விட்டம் 326 மில்லிமீட்டர். உள்ளே 10 பார் அழுத்தம் என்று கொள்வோம். 90 டிகிரி பெண்டைத் தண்ணீர் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை சுமார் 12 டன். கோணத்தை மட்டும் 45 என்று மாற்றினால் அது 6.5 டன்னாகக் குறைகிறது. 22½ டிகிரியில் 3.3 டன், 11¼ டிகிரியில் 1.7 டன். குழாய் பதிக்கும்போது திருப்பங்களில் கான்கிரீட் கட்டி போடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ‘த்ரஸ்ட் பிளாக்’ எனப்படும் அந்தக் கட்டி தாங்குவது இந்த விசையைத்தான். கட்டியின் அளவு கோணத்துக்குக் கோணம் மாறுவதும் இதனால்தான்.

இந்த எண்களைக் கையாலேயே போட்டுவிடலாம், சிமுலேஷன் தேவையில்லை. அதனால்தான் இவை முக்கியம். நூலகத்தில் சேர்க்கும் முன் பாகத்தை இந்த நான்கு கோணங்களிலும் ஓட்டி, வரும் விடை கைக்கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பொருந்தினால் அந்தப் பாகத்தை நம்பி, கையால் போட முடியாத கணக்குகளுக்கு எடுத்துச் செல்லலாம்: பெண்டின் உட்புற வளைவில் தகைவு (ஸ்ட்ரெஸ்) எங்கே குவிகிறது, மண் ஒரு பக்கம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பது போன்றவை அவை.

தயாரிப்புக்கான வரைபடம் உதவுமா?

உதவும், ஆனால் அப்படியே அல்ல. வால்வு செய்யும் கம்பெனி தன் இணையதளத்தில் முப்பரிமாண வரைபடம் தருகிறது என்று எடுத்துக்கொள்வோம். அதில் மரை, வார்ப்பில் பதித்த எழுத்து, முனைகளின் மெல்லிய உருட்டல் எல்லாம் இருக்கும். லேத்தில் நிற்பவருக்கு அவை வேண்டும். கணக்குப் போடும் கணினிக்கு அவை சுமை.

சிமுலேஷன் மென்பொருள் வடிவத்தைச் சின்னச்சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் கணக்கிடுகிறது. அந்தத் துண்டுகள் சேர்ந்த வலையை ‘மெஷ்’ என்கிறோம். 12 மில்லிமீட்டர் போல்ட்டின் மரைக்கு மரை இடைவெளி 1.75 மில்லிமீட்டர். அதைச் சரியாகக் காட்ட வேண்டுமானால் துண்டு அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். முப்பரிமாணத்தில் துண்டின் நீளத்தைப் பாதியாக்கினால் துண்டுகளின் எண்ணிக்கை எட்டு மடங்காகும். மரையே ஆய்வுப் பொருளாக இல்லாதபோது போல்ட்டை மொழுமொழு உருளையாக வைப்பதே வழக்கம்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீரின் ஓட்டத்தைக் கணக்கிட இரும்பு தேவையில்லை, இரும்புக்கு உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் தேவை. தகைவைக் கணக்கிட இரும்பு வேண்டும். நல்ல பெண்ட் பாகம் இரண்டையும் தனித்தனியாகத் தரும். எதற்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். எனவே சிமுலேஷனுக்கான நூலகத்தைத் தயாரிப்புக்கான நூலகத்திலிருந்து பிரித்தே வைக்க வேண்டும்.

முகங்களுக்குப் பெயர் எதற்கு?

வடிவத்தின் ஒவ்வொரு முகத்துக்கும் மென்பொருள் ஓர் எண் கொடுக்கும். ‘7-ஆம் முகத்தில் அழுத்தம் 10 பார்’ என்று நாம் சொல்லிவைப்போம். பிறகு பக்கவாட்டில் ஒரு துளை சேர்த்தால் எண்கள் இடம் மாறும். நேற்று நீர் நுழைந்த 7-ஆம் முகம் இன்று வெளிச்சுவராகியிருக்கலாம். கணினி குறை சொல்லாமல் தப்பான விடையை வண்ணப்படமாகக் காட்டும்.

இதற்கு மருந்து, பாகத்தைச் செய்யும்போதே முகங்களுக்குப் பெயர் வைத்துவிடுவது: நுழைவாய், வெளிவாய், உட்சுவர், வெளிச்சுவர். அளவுரு எதுவாக மாறினாலும் ‘நுழைவாய்’ நுழைவாயாகவே இருக்கும். ஃப்ரீகேட் பயனர்களை இந்த எண் மாறும் சிக்கல் பல ஆண்டுகள் வாட்டியது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அதற்குப் பெருமளவு தீர்வு கிடைத்தது. ஒரு நூலகத்தின் தரத்தை அறிய விரும்புபவர் எத்தனை பாகம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். முகங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

எங்கே சறுக்கும்?

முதல் ஆபத்து அலகு. எஸ்.டி.எல். வகைக் கோப்பில் எண்கள் மட்டுமே இருக்கும், மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்பு இருக்காது. மாறிப்போனால் பாகம் 25.4 மடங்கு பெரிதாகும் அல்லது சிறிதாகும். ஸ்டெப் வகைக் கோப்பு அலகையும் சேர்த்தே எடுத்துவரும் என்பதால் பரிமாற்றத்துக்கு அதுவே பாதுகாப்பு.

இரண்டாவது, தரத்தின் பதிப்பு. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 17-ஆம் நம்பர் ஸ்பேனர் என்பது பட்டறையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ஐ.எஸ்.ஓ. தரப்படி அதன் தலை 16 மில்லிமீட்டர். 17 என்பது பழைய ஜெர்மானிய டின் தரம். இரண்டும் சந்தையில் இருக்கின்றன. ஷெட் கட்டுபவர்கள் அறிந்த ஐ.எஸ்.எம்.பி. 200 உத்திரத்தை எடுத்துக்கொண்டால், 1964-இல் வந்த இந்தியத் தர நிறுவனக் கையேட்டில் அதன் மேல்தட்டு 10.8 மில்லிமீட்டர் தடிமன். 1989-இல் திருத்திய தரத்தில் அது 10 மில்லிமீட்டர். ‘200 உத்திரம்’ என்று மட்டும் பெயரிட்டு நூலகத்தில் போட்டால், எடுப்பவர் எதை எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. தரத்தின் எண்ணும் ஆண்டும் பாகத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது: எல்லை. ஒரு பாகம் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை சோதிக்கப்பட்டது என்ற குறிப்பு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே, கிளம்பிய சுமார் 40 வினாடிகளில் சிதறியது. ஏரியான்-4-இல் குறையின்றி வேலை செய்த வழிகாட்டு மென்பொருளை அப்படியே புதிய ராக்கெட்டில் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 32,767-க்கு மேல் எண்ணைத் தாங்காத இடத்தில் பெரிய எண் வந்து விழுந்ததும் கணக்கு நின்றுபோனது. அது நிரல், இது வடிவம். ஆனாலும் பாடம் ஒன்றே. பழைய இடத்தில் சரியாக இருந்தது என்பது புதிய இடத்துக்குச் சான்றிதழ் ஆகாது. நம் பெண்டிலும் வளைவின் ஆரம் குழாயின் பாதி விட்டத்தைவிடக் குறைந்தால் வடிவம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். அந்த எல்லையைப் பாகத்துக்குள்ளேயே எழுதி, மீறினால் ‘முடியாது’ என்று சொல்ல வைக்க வேண்டும்.

தருமபுரியில் யாருக்குப் பயன்?

இன்றைய தொழில் நகரமான ஓசூர், 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்குப் பாகம் செய்யும் பட்டறைகளும் நிறைந்த அந்த ஊர் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரிக்கு அருகே செட்டிக்கரையில் 2013-இல் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. வேலைக்குப் போகும் மாணவர்களிடம் பெரிய நிறுவனங்கள் எதிர்பார்ப்பது மென்பொருளின் பொத்தான்களை அறிந்திருப்பதை மட்டுமல்ல. அங்கே ஏற்கெனவே நூலகம் இருக்கும். அதைப் புரிந்து பயன்படுத்தவும், அடுத்தவர் எடுக்கும்படி ஒரு பாகம் செய்து வைக்கவும் தெரிய வேண்டும்.

செலவு ஒரு தடையில்லை. ஃப்ரீகேட் இலவசம். அதனுள்ளேயே கால்குலிக்ஸ் என்ற கணக்கீட்டு நிரலைக் கொண்டு தகைவைக் கணக்கிடலாம். நீரோட்டத்துக்கு ஓப்பன்ஃபோம் இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் ஓப்பன்ஃபோம் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கல்லூரிகளில் பரப்பிவருகிறது. சாதாரண லேப்டாப்பில் ஒரு பெண்டையும் ஒரு டீயையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

இறுதியாண்டு புராஜெக்ட்டில் ஒரு குழு செய்ததை அடுத்த ஆண்டு வரும் குழு பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பேராசிரியர்கள் இங்கே ஒரு மாற்றம் செய்யலாம். ஒவ்வொரு குழுவும் அறிக்கையோடு ஒரே ஒரு பாகத்தை நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கலாம்: அளவுருக்கள், முகங்களின் பெயர், தரத்தின் எண்ணும் ஆண்டும், சோதித்த எல்லை, கைக்கணக்கோடு ஒப்பிட்ட ஒரு தாள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பாகத்தை ஏற்க வேண்டாம். குடிநீர்க் குழாய்ப் பொருள்களிலிருந்தே தொடங்கலாம். அளவெடுக்க வேண்டிய பெண்டும் வால்வும் மாவட்டம் முழுக்க இருக்கின்றன.