சம்பளம் கிடையாது... கையில் கொப்புளம் உண்டு!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில உங்களைத் தட்டி எழுப்பி, "வாப்பா, கயிறு இழுக்கணும். காசு தர மாட்டோம், டீ தருவோம்"னு ஒருத்தர் கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க? போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் திரும்பிப் படுப்பீங்க. நானும்தான். ஆனா, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஆன்ஸ்ட்ருதர்னு ஒரு குட்டி ஊர். அங்கே இப்படி ஒரு அழைப்புக்கு ஓடி வர்றதுக்குன்னே ஒரு கூட்டம் உருவாச்சு. எல்லாம் ஒரு மரப்படகு மேல இருக்கற பாசம். படகோட பேர் 'ரீப்பர்'.

1902-ல் கட்டின படகு. 70 அடி நீளம், ரெண்டு பாய்மரம். ஹெர்ரிங் மீன் பிடிக்கறதுக்காகவே பிறந்தது. (நம்ம ஊர் மத்திக்கு ஹெர்ரிங் பங்காளி முறை!) ஷெட்லாந்து தீவுப் பக்கம் ஒரே நடையில் ரெண்டு லட்சத்துக்கும் மேல மீன் அள்ளி, சாதனை படைச்சிருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல கடற்படை இதை எடுத்துக்கிட்டுப் போய், எதிரி விமானங்களை மறிக்கிற ராட்சத பலூன்களைக் கட்டிப் பறக்கவிட்டுது. அப்புறம் மறுபடி மீன், அதுக்கப்புறம் சரக்கு. கடைசியா 1975-ல் அந்த ஊர் மீன்பிடி அருங்காட்சியகம் வாங்க, தன்னார்வலர்கள் சேர்ந்து பழைய கோலத்துக்குக் கொண்டு வந்தாங்க.

அருங்காட்சியகம்னா உள்ளே வெச்சுப் பூட்டிட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. அப்படியும் அங்கே ஒண்ணு இருக்கு. 'ரிசர்ச்'னு பேர். 1903-ல் கட்டினது, 'ஸூலு' ரகம். 1879-ல் ஆப்பிரிக்காவில் ஸூலு யுத்தம் நடந்தப்ப வந்த ரகம்கிறதால அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. கூரைக்குக் கீழே பத்திரமா நிக்குது. சுத்திச் சுத்திப் பார்க்கலாம். அவ்வளவுதான். மரப்படகு ரொம்ப நாள் காய்ஞ்சா பலகை சுருங்கி இடுக்கு விட்டுடும். தண்ணியில ஊறினாத்தான் பலகை உப்பி, ஒண்ணோட ஒண்ணு இறுகும். 'ரீப்பர்' கடலுக்குப் போற படகாவே இருக்கணும்னா, ஆள் வேணும். நிறைய ஆள்.

சரி, நீங்களும் ஒரு நாள் சேர்ந்துட்டீங்கன்னு வெச்சுக்குவோம். முதல் பாடம்: கிளம்புற நேரத்தைக் கடல்தான் சொல்லும். தண்ணி வத்தினா அந்தத் துறைமுகத்துல சேறுதான் மிஞ்சும். 'பஸ் லேட்டு சார்' கதையெல்லாம் எடுபடாது. நீர் ஏறி நிக்கிறப்ப வெளியே வந்தாகணும், இல்லேன்னா அடுத்த ஏத்தம் வரைக்கும் தேவுடு காக்கணும்.

இஞ்சின் போட்டு வெளியே வந்தாச்சு. இப்பதான் கூத்து. முன்பாயைத் தூக்கணும். பாய் தொங்குற குறுக்கு மரம் இருக்கே, அதுக்கு நம்ம மீனவர்கள் சொல்ற பேர் பருமல். அதைத் தூக்குற கயிறு ஆஞ்சான். வரிசையா நின்னு, ஒருத்தர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே மூச்சுல இழுக்கணும். ஜிம்முக்குப் போற பசங்க பத்தே நிமிஷத்துல முழிப்பாங்க. பலம் போதாது பாஸ், தாளம் வேணும்! அந்தக் காலத்துல பெரிய படகுகள்ல நீராவி உருளை கயிறு சுத்திக் கொடுத்தது. அது வர்றதுக்கு முன்னாடி எல்லாம் கைதான்.

பாய் காத்துல உப்பினதும் இஞ்சினை நிறுத்துவாங்க. திடீர்னு அப்படியொரு அமைதி. மரம் முனகுறதும் தண்ணி உரசுறதும் மட்டும் கேக்கும். தூரத்துல மே தீவு. கோடையில வந்தா பஃபின் பறவைகள் அலை மேல தாழப் பறக்கும். (இந்த இடத்துல பாதிப் பேருக்கு வயித்தைப் பிரட்டும். வாந்தி எடுக்கறதுன்னா காத்து போற பக்கமா நின்னு எடுங்க. எதிர்ப்பக்கம் நின்னா, உங்களுக்கே திரும்பி வரும்!)

நிஜமான பரீட்சை, திசை மாத்துறப்பதான். இந்தப் பாய் எப்பவும் மரத்துக்கு ஒரு பக்கமா நிக்கிற ரகம். படகு திரும்பினா பாயை இறக்கி, பருமலை மரத்தைச் சுத்தி மறுபக்கம் கொண்டு போய், பாயோட முன்மூலையை அணியத்துல, அதாவது படகோட முன்மூக்குல, திரும்ப மாட்டி, மறுபடி ஏத்தணும். இதெல்லாம் படகு ஆடிக்கிட்டே இருக்கறப்ப! ஒருத்தர் கயிறை முன்னாடியே விட்டா பருமல் தலை மேல. தாமதமா விட்டா காத்து மறுபக்கத்துலேர்ந்து அடிச்சு, பாயை மரத்தோட அப்பிடும். அப்ப இறக்கவும் முடியாது, ஏத்தவும் முடியாது. இதை மீனவர்கள் ராத்திரி இருட்டுல, மழையில செஞ்சிருக்காங்க. சமையலுக்குன்னு ஏறின பொடியனும் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் தொழில் கத்துக்கிட்டான்.

புத்தகத்துல படம் போட்டு விளக்கியிருக்கு. படிச்சா புரியும். ஆனா எந்த நொடியில கயிறை விடணும்னு படத்துல இல்லை. அது பக்கத்துல நிக்கிறவர் கையிலேர்ந்து உங்க கைக்கு வரணும். அவர் கரையேறுறதுக்குள்ள யாராவது பக்கத்துல நின்னிருக்கணும்.

நம்ம பக்கமும் கேட்டுப் பாருங்க. ஆஞ்சான்னா என்னன்னு கடற்கரைக் கிராமத்துல உங்க வயசுப் பசங்க எத்தனை பேர் சொல்வாங்க? அவுட்போர்டு மோட்டார் வந்த கையோட பாயை மடிச்சு வெச்சாச்சு. அவங்களைக் குத்தம் சொல்றதுக்கில்லை. சாயங்காலத்துக்குள்ள வீடு திரும்பணும்னா யாரும் மோட்டாரைத்தான் போடுவாங்க.

சாயங்காலம் நீர் வத்துறதுக்கு முன்னாடி உள்ளே வந்தாகணும். பாயை மடிச்சு, கயிறைச் சுருட்டி, தளத்தைக் கழுவி முடிக்கிறப்ப உள்ளங்கையில நாலு கொப்புளம். 'அடுத்த ஞாயிறு எங்கே போறோம்?'னு நீங்க ஆசையாக் கேட்பீங்க.

எங்கேயும் இல்லை. பழைய பெயின்ட்டைச் சுரண்டணும், பலகை இடுக்குல நார் திணிச்சுக் கலப்பத்து அடிக்கணும். ஒரு பழைய சட்டை எடுத்துக்கிட்டு வாங்க, கறை போகாது.