சோழவரம் பார்த்த அப்பாவுடன் ஒரு கார்ப் பந்தயம்

ரயில்வேயில் வேலை பார்க்கிறவன் குடும்பத்தோடு வெளியூர் போனால் பாஸில் போவான். கைக்காசுக்குப் பெட்ரோல் போட்டு, 1988-ம் வருட பிரிமியர் பத்மினியில் 300 கிலோமீட்டர் போக மாட்டான். நான் போனேன். ஆபீசில் கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "கார்ப் பந்தயம் பார்க்கவா? இந்தக் காரிலா?" என்று ஒருவர் இரண்டு முறை கேட்டார்.

காரணம் அப்பாதான். அவருக்கு 74 வயது. பெங்களூர் ஜே.சி. ரோடு பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 41 வருடம் மெக்கானிக்காக இருந்தவர். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்த வால்வு தட்டுகிறது, எந்த பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் இப்போது கேட்பதில்லை. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். சட்டைப் பையில் வைத்திருப்பார். காதில் வைக்க மாட்டார்.

கண்ணில் புரை வந்து ஆபரேஷன் ஆன பிறகு கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டார். அல்சூரில் எங்கள் சந்தில் கார் நிற்க இடமும் இல்லை. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. விற்றுவிடுவோம் என்று முடிவு செய்து தரகரிடமும் சொல்லியாயிற்று.

"விக்கிறதுக்கு முன்னே ஒரு தரம் தூரமா போலாம் தாத்தா. எங்கே போலாம்?" என்று என் மகள் அவர் காதருகே கத்தினாள். அவளுக்கு 11 வயது.

"சோழவரம்" என்றார் அப்பா.

சோழவரம் என்ற பெயர் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பல வருடம் பந்தயம் நடத்தியது. ஆங்கில 'டி' எழுத்து மாதிரி கிடக்கும் சிமெண்ட் தளம். பியட், அம்பாசடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எல்லாம் அதில் பறக்கும். 1970-களில் அப்பா தன் முதலாளியோடு எடுபிடியாகப் போயிருக்கிறார். ராத்திரி காருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தாராம். வளைவுகளில் வைக்கோல் கட்டு அடுக்கியிருப்பார்களாம். "வண்டி வைக்கோல்ல மோதிச்சுன்னா, முதல்ல வண்டியைப் பார்ப்போம். அப்புறந்தான் ஆளு" என்று சொல்லிச் சிரிப்பார்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதே கிளப் நிரந்தரப் பந்தயச் சாலை அமைத்தது. ஆகவே நாங்கள் போனது அங்கே.

விடியற்காலை பயணம்

ஞாயிற்றுக்கிழமை காலை 4 மணிக்குப் புறப்பட்டோம். முன்சீட்டில் அப்பா. பின்னால் மனைவி, மகள், புளிச்சோற்றுத் தூக்கு, 10 லிட்டர் தண்ணீர்க் கேன். தண்ணீர் எங்களுக்கு அல்ல, ரேடியேட்டருக்கு.

பத்மினிக்கு கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். 1,089 சி.சி. எஞ்சின். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் அப்பா என் தொடையில் தட்டுவார். அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி வரை தட்டு வாங்காமல் போனேன். வாணியம்பாடியில் வெளிச்சம் வந்தது. ஆம்பூரில் பிரியாணிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. என் மகளுக்கு அது பெரிய வருத்தம். குடியாத்தம் எங்கள் பூர்வீகம். "சித்தப்பா வீட்டுக்கு ஒரு நடை போகலாமா?" என்று என் மனைவி கேட்டாள். அப்பாவுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது. "வேணாம். பந்தயம் போயிடும்" என்றார்.

பள்ளிகொண்டா தாண்டியதும் சூடு முள் ஏறியது. பானெட்டின் ஓரத்தில் ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் அருகே கீறியிருந்தது. நான் மூடியைத் திறக்கப் போனேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அரை மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். புளிச்சோறு தீர்ந்தது. பிறகு அவர் டிக்கியிலிருந்து பழைய சைக்கிள் டியூப் துண்டை எடுத்து, இழுத்து இழுத்துச் சுற்றி, கம்பியால் கட்டினார். விரல் நடுங்கியது. நான் கட்டுகிறேன் என்றேன். பதில் இல்லை. காது கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கட்டு பெங்களூர் திரும்பும் வரை சொட்டவில்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேரும்போது முதல் பந்தயம் முடிந்துவிட்டது.

கம்பெனி கார்

கார்ப் பந்தயம் என்றால் தரையோடு ஒட்டிய, சக்கரம் வெளியே தெரிகிற வண்டிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அப்பாவுக்கு அதில் நாட்டமில்லை. "அது ராக்கெட்டு. வீட்டுக் காரு ஓடணும்" என்பார். அவர் சொல்லும் வகைக்கு அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர். ஸ்டாக் என்றால் கடையில் விற்கிறபடியே உள்ள வண்டி. 1948-ல் நாஸ்கார் என்ற சங்கம் அங்கே தொடங்கியது. 1949 ஜூனில் சார்லட் நகரில் கம்பெனி கார்களுக்கு மட்டும் என்று முதல் பந்தயம் நடத்தினார்கள். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. சோதித்துப் பார்த்தால் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள். கள்ளச் சாராயம் கடத்த உதவிய கார் அது! பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தணியாமல் இருக்கச் செய்த வேலை. பரிசு இரண்டாவதாக வந்தவருக்குப் போயிற்று. இன்று அங்கே ஓடுபவை பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டிகள். தோற்றமும் பெயரும்தான் கம்பெனியுடையவை.

நம் நாட்டில் வீட்டுக் கார் பந்தயம் இன்னும் வீட்டுக் காரை ஒட்டியே இருக்கிறது. மாருதி எஸ்டீம் 2007-ல் உற்பத்தி நின்றுபோன கார். 1,298 சி.சி., எடை குறைவு. பந்தயக்காரர்கள் அதை விடாமல் வைத்திருந்தார்கள். சீட்டுகளைக் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டுவார்கள். கார் உருண்டாலும் கூரை ஓட்டுபவரின் தலையில் நசுங்காது. இடுப்பிலும் தோளிலும் பட்டை, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்புக் கருவி.

சாலை ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பன்னிரண்டு வளைவு. கேலரியில் வெயில் தகித்தது. பத்து மணிக்கே சிமெண்ட்டில் கை வைக்க முடியவில்லை. மகள் தொப்பி கொண்டுவரவில்லை. தூக்குச் சட்டியின் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

கார்கள் வரிசையில் நின்றன. சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, மொத்தமாக அணைந்தன. அடுத்த நொடி வந்த சத்தத்தில் என் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நானும்தான். அப்பா மட்டும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றார். பழைய ஒர்க்‌ஷாப்பில் நான் சிறுவனாகப் பார்த்த அதே சாய்வு.

கொடியின் கணக்கை மகளுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, யாரையும் முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான். சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். கட்டம் போட்டது முடிவு. சோழவரத்திலும் இதே கொடிகள்தானாம்.

நாலாவது சுற்றில் ஒரு மஞ்சள் எஸ்டீம் எங்களைக் கடந்தது. அப்பா என் தோளைத் தட்டினார். "மூணு சிலிண்டர்ல ஓடுது."

எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். "எப்படித் தெரியும்?" என்று கத்தினேன்.

"மிஸ்ஸிங். பிளக்கு. ரெண்டு ரவுண்டுல பின்னாலே வந்துடும்."

ஆறாவது சுற்றில் அது மூன்றாவது இடத்திலிருந்து ஏழாவதுக்கு வந்தது. அடுத்த சுற்றில் பிட்டுக்குள் நுழைந்தது; திரும்பவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் என் மகளுக்கும் எனக்கும் உடனே சொல்லத் தெரியாது. நாங்கள் அந்த மஞ்சள் காரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் டீ குடிக்கும் இடத்தில் கிரீஸ் கறையோடு ஒரு பையன் நின்றான். அந்த வண்டியின் மெக்கானிக்குகளில் ஒருவன். இருபது வயது இருக்கும். அப்பா அவனிடம் நேராகப் போய், "தம்பி, மூணாவது பிளக்கா?" என்று கேட்டார்.

"இல்லே பெரியவரே, காயில் போயிடுச்சு" என்றான். பிறகு சற்று யோசித்து, "ஆனா மூணாவதுலதான் கரண்ட் வரலே. நீங்க எங்கேயிருந்து பார்த்தீங்க?" என்றான்.

"பார்க்கலே" என்றார் அப்பா.

இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். கார்புரேட்டரைப் பற்றி அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை; இன்ஜெக்‌ஷனைப் பற்றி அப்பாவுக்குத் தெரியவில்லை. டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். பேச்சின் நடுவில் அப்பா பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டதை என் மனைவிதான் எனக்கு ஜாடை காட்டினாள்.

திரும்பும்போது சூளகிரி ஏற்றத்தில் மூன்று முறை நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டோம். வீடு சேர இரவு 11 மணி. பெட்ரோலும் சுங்கமும் சேர்த்து ஆன செலவை எழுதினால் ஆபீசில் மறுபடி சிரிப்பார்கள். ஆகவே எழுதவில்லை.

போக நினைக்கும் வாசகர்கள் தொப்பியும், காதுக்குப் பஞ்சும், நிறையத் தண்ணீரும் கொண்டு போகவும். எங்களைப் போல் பத்மினியில் போகிறவர்கள் ஹோஸை முந்தின நாளே மாற்றவும்.

புதன்கிழமை தரகர் வந்தார். கார் 55 ஆயிரத்துக்குப் போயிற்று. ஹோஸில் சைக்கிள் டியூப் கட்டியிருப்பதை அப்பாவே சொல்லி, அதற்காக 500 ரூபாய் குறைத்துக்கொண்டார். நீள ஸ்குரூ டிரைவர் டிக்கியில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் என் மகள்.