ஊட்டி கேமெல்லியா வேளாங்கண்ணியில் கருகுவது ஏன்? கடற்கரை வீட்டுக்கு ஏற்ற பூவேலி எது?

ரோஜா போல அடுக்கடுக்கான இதழ், பளபளக்கும் பச்சை இலை. செல்போனில் கேமெல்லியா படத்தைப் பார்த்ததும் 'நம்ம வீட்டு வாசலிலும் வச்சா என்ன?' என்று தோன்றும். ஆனால், வேளாங்கண்ணி போன்ற கடற்கரை ஊரில் அதற்குச் செலவழிக்கும் பணம் வீண்தான். ஏன் தெரியுமா?

கேமெல்லியா என்பது என்ன?

பெயர்தான் புதுசு. நாம் தினமும் குடிக்கும் டீயைத் தரும் தேயிலையும் ஒரு கேமெல்லியாதான். வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். நீலகிரியில் அது இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம், தொடர்ந்து இலை பறிப்பதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் கவாத்தும்தான். பூவுக்காக வளர்க்கும் வகைகள் சீனா, ஜப்பான், கொரியா பகுதிகளைச் சேர்ந்தவை. அங்கே வேலியாகவும் வளர்க்கிறார்கள்.

இங்கே ஏன் வராது?

கேமெல்லியாவுக்குக் குளிர்ந்த பருவமும், அமிலத்தன்மை உள்ள மக்கு நிறைந்த மண்ணும் வேண்டும். வேளாங்கண்ணியில் இருப்பது கடல் மணல், உப்புக்காற்று, சுடும் வெயில். பல இடங்களில் நிலத்தடி நீரும் உப்பு. முதலில் இலை ஓரம் கருகும், பிறகு மொட்டு உதிரும்.

எதை நடலாம்?

கடலைப் பார்த்த பக்கம் காகிதப்பூ, அரளி, நொச்சி வைக்கலாம். மூன்றும் வறட்சியைத் தாங்கும். அரளியையும் நொச்சியையும் ஆடு கடிக்காது. ஆனால் அரளி முழுக்க விஷம். சின்னப் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் வேண்டாம், வெட்டிய குச்சியை அடுப்பில் எரிக்கவும் கூடாது. வீட்டின் மறைவில் உப்புக்காற்று படாத பக்கம் என்றால் செம்பருத்தி, இட்லிப்பூ வைக்கலாம். நடும் குழியில் மக்கிய எரு போடுவது அவசியம்.

கவாத்து எப்படி?

* ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளியில் நடவும்.
* செடி ஒரு அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளவும். அப்போதுதான் அடியிலிருந்து கிளை வெடிக்கும்.
* அடி அகலமாகவும் மேல்புறம் குறுகலாகவும் வெட்டவும். தலைகீழாக வெட்டினால் கீழே வெயில் படாமல் வேலி மொட்டையாகும்.
* செம்பருத்தி புதுக்கிளையில்தான் பூக்கும். இட்லிப்பூ கிளை நுனியில் பூக்கும். அதனால் வாரம் தவறாமல் கத்தரித்தால் பூவே பார்க்க முடியாது.

எப்போது வெட்டுவது?

செப்டம்பர் 8-ல் மாதா திருவிழா முடிந்த கையோடு வெட்டிவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக்குள் புதுத் தளிர் வந்துவிடும், காற்றில் சாயும் பாரமும் குறையும். 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் மட்டும் ஆழமாக வெட்ட வேண்டாம், செடி காய்ந்துவிடும்.

கேமெல்லியா பூவைப் பார்க்க ஆசையா? மலைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். வாசலுக்கு நம்ம ஊர் செம்பருத்தியே போதும்!