ஆன் ஆகாத கம்ப்யூட்டரை அவசரப்பட்டு தூக்கிப் போடாதீங்க

"தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது. நீ ஐ.டி.தானே, கொஞ்சம் வந்து பாரேன்." கனடா வந்ததிலிருந்து நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். நான் எழுதுவது சாப்ட்வேர், ஹார்டுவேர் என் வேலையே இல்லை என்றால் யார் நம்புகிறார்கள்? இன்ஜினியரிங் படித்தவன் மிக்சியையும் ரிப்பேர் பண்ணணும் என்பது நம்மவர்கள் சட்டம்!

போய்ப் பார்த்தால், அவர்களுக்குப் பெட்டியைப் பற்றிக் கவலையே இல்லை. புது லேப்டாப் வந்து மாதங்கள் ஆகியிருக்கும். பயமெல்லாம் உள்ளே இருக்கும் போட்டோக்களைப் பற்றித்தான். ஸ்மார்ட்போனும் கிளவுடும் வருவதற்கு முன் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை. வேறெங்கும் காப்பி கிடையாது.

ஸ்கார்பரோவில் ஒரு அக்கா வீட்டில் பழைய பெட்டியை இ-குப்பைக்குக் கொடுக்க வாசல் வரை கொண்டுவந்து வைத்திருந்தார்கள். 2009-ல் ஊருக்குப் போனபோது எடுத்த வீடியோ அதில் இருந்தது. மாமனார் பேரனுக்கு நரிக் கதை சொல்கிறார். அவர் இப்போது இல்லை. பேரன் யூனிவர்சிட்டி போய்விட்டான். செத்துப்போயிருந்தது பவர் சப்ளை மட்டும்தான். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, சாட்டா டிஸ்கை யூ.எஸ்.பி.யில் இணைக்கும் சின்ன அடாப்டர் வழியாக லேப்டாப்பில் போட்டேன். அத்தனையும் இருந்தது.

விஷயம் இதுதான். பெட்டி ஆன் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு மின்சாரம் வரும் பாதையில் இருக்கும். போட்டோ இருக்கிற டிஸ்க் தனிப் பொருள்.

முதலில் ஒரு கேள்வி: லைட், ஃபேன் எதுவுமே வரலையா, இல்ல ஃபேன் சுத்துது, திரைதான் கறுப்பா இருக்கா? இரண்டும் வேறு வேறு நோய்.

எதுவுமே வரவில்லை என்றால் சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். இங்குள்ள பல வீடுகளில் சில பிளக் பாயின்ட்டுகள் கதவோரச் சுவிட்சோடு இணைந்திருக்கும். லைட் என்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். அதே பாயின்ட்டில் டேபிள் லேம்ப்பைச் செருகிப் பாருங்க. அடுத்து பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச்: கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். வேக்யூம் பண்ணும்போது இடிபட்டு ஆஃப் ஆகும். அதுவும் சரி என்றால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி செருகுங்கள். இதிலேயே உயிர் வந்துவிடுவதும் உண்டு.

ஊருக்கும் இங்குக்கும் பெட்டியைக் கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று. பழைய பவர் சப்ளைகளில் பின்னால் 115 - 230 என்று சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருக்கும். 230-ல் வைத்த பெட்டி கனடாவின் 120 வோல்ட்டில் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் 115-ல் இருப்பதைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ செருகினால் 'டமார்'! புதியவை பெரும்பாலும் தானே அனுசரித்துக்கொள்ளும்.

பவர் சப்ளை போயிருந்தால் அதை அப்படியே மாற்றுங்கள், திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால், பழைய கேபிளை அப்படியே விட்டுப் புதுப் பெட்டியில் மாட்டவே கூடாது. கனெக்டர் பொருந்தினாலும் உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கலாம். நல்லாயிருந்த ஹார்ட் டிஸ்க் எரிவது இப்படித்தான்.

ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுப்பு என்றால், கிராபிக்ஸ் கார்டு இருக்கும் பெட்டியில் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக் காற்று காய்ந்து, கார்பெட்டில் நடந்தாலே கையில் ஷாக் அடிக்கிறது இல்லையா? அது ரேமுக்கு எமன். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பிங்க.

கடைக்குக் கொடுத்தால் "ஃபார்மட் பண்ணாதீங்க" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்கிலிருந்து 'டக் டக்' சத்தம் வந்தால் மட்டும் மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. டேட்டா மீட்பவர்களிடம் நேராகப் போங்கள்.

இப்போது வாங்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புதுச் சிக்கல் ஒன்று உண்டு. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். மேலே சொன்ன அடாப்டரில் போட்டால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி பொதுவாக உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தேடி எடுத்து, ஒரு பேப்பரில் எழுதி பாஸ்போர்ட் ஃபைலில் வைத்துவிடுங்க.